மாருதி 800 மலை ஏறினா கொதிக்குது, கையில 6,000 ரூபாய்தான் இருக்கு

தேனி மாவட்டத்துலேர்ந்து ஒரு சகோதரி நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேரும் ஊரும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால அதை விட்டுட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன்.

அவங்க அப்பா வாங்கின 2004 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடற வகை), ஏசி கிடையாது. அப்பா தவறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுல முறுக்கு, தட்டை, அதிரசம் போட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் போடிமெட்டு வழியா பூப்பாறை பக்கத்துக் கடைகளுக்கு இந்த வண்டியில கொண்டு போய் குடுக்கறாங்க, குடும்பம் ஓடறதே அந்த வருமானத்துலதான். நாலு மாசமா மலை அடிவாரத்து முந்தல் தாண்டி பாதி வளைவு ஏறினதும் டெம்பரேச்சர் முள்ளு எச் (ஹாட்) கிட்ட போயிடுது. தேனி டவுன் டிராபிக்ல மாட்டினாலும் ஏறுது, ஆனா ப்ளெயின் ரோட்டுல 60-ல போனா நடுவுலயே நிக்குது. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அரை லிட்டர் தண்ணி ரேடியேட்டர்ல குறையுது, ஊத்தறது வீட்டு போர் தண்ணி, உள்ள இருக்கற தண்ணி செம்மண் கலர்ல இருக்கு. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டுட்டு பில் இல்லாம 2,500 வாங்கியிருக்கார், ஒண்ணும் மாறல. ரெண்டாவது மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கற தகடு) போச்சு, 18,000 ஆகும்னு சொல்லிட்டார். சொந்தக்காரர் ஒருத்தர் பழைய இரும்புக்குப் போட்டுடுன்னு சொல்றாராம். யாரோ சொன்னாங்கன்னு ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் வேற போட்டிருக்காங்க. ஒரு தடவை சூட்டோட மூடியைத் திறந்து கை வெந்திருக்கு. "அண்ணா, என்கிட்ட 6,000 ரூபாய்தான் இருக்கு, வண்டியைக் காப்பாத்த முடியுமா, இல்ல வித்துடவா"ன்னு கேட்டிருக்காங்க.

சகோதரி, உங்க கடிதத்தைப் படிச்ச வரைக்கும் வண்டியைக் காப்பாத்த முடியும்னுதான் தோணுது, உங்க 6,000-க்குள்ளயே முடியறதுக்கும் நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா அதுக்கு ஒரே ஒரு கண்டிஷன். இதுவரைக்கும் நடந்தது எல்லாமே எதையும் பரிசோதிச்சுப் பாக்காம ஊகத்துல கழட்டினதும் ஊகத்துல சொன்னதும்தான். இனிமே முதல் காசு டெஸ்ட்டுக்குப் போகணும், டெஸ்ட்ல என்ன வருதோ அதைப் பார்த்துட்டுதான் பார்ட்ஸுக்குப் போகணும். கையில காசு கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம், ஏன்னா தப்பான பார்ட்டை வாங்கிப் போட்டுட்டு திரும்ப ஆரம்பிக்கற வசதி நமக்கு இல்ல.

இன்னொண்ணும் உடனே சொல்லிடறேன். வேலை முடியற வரைக்கும் மலைக்கு வண்டியை எடுக்காதீங்க. முள்ளு எச்சுக்குப் போய் நின்னு ஆறவிட்டு மறுபடி ஏறறீங்கன்னு எழுதியிருக்கீங்க, அதுதான் எனக்கு பயம். உங்க இன்ஜின்ல மேல இருக்கற ஹெட் அலுமினியம், அதிக சூட்டுல அது வளையும். ஒரு ஏ4 பேப்பர் கனத்துல பாதி, அதாவது 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு வளைஞ்சாலே கேஸ்கெட் சரியா உக்காராது. இன்னிக்கு ஒரு ரேடியேட்டர் மூடி (கேப்) மாத்தினா தீரக்கூடிய பிரச்சினை, இன்னும் ரெண்டு ட்ரிப் இப்படிப் போனா அந்த 18,000-ஐ நிஜமாவே ஆக்கிடும். சரக்கு நிக்கக் கூடாதுன்னா போடியிலேர்ந்து மேல போற பஸ்லயோ ஜீப்லயோ ஒரு வாரம் பத்து நாளைக்கு பெட்டி போட்டு விட முடியுமான்னு பாருங்க.

நீங்க எழுதினதுல எனக்குத் தெரிஞ்ச ரெண்டு தடயம்

முதல் தடயம் ஸ்பீடு. 60-ல போனா சூடு ஏறல, நின்னா ஏறுது, மலையில ஊர்ந்தா ஏறுது. வேகமா போகும்போது எதிர்க்காத்து தானா ரேடியேட்டர் வழியா போயிடும், ஃபேன் ஓடினாலும் ஓடலேன்னாலும் பெருசா தெரியாது. மெதுவா போறப்போ காத்தை இழுத்துக் குடுக்க வேண்டியது ஃபேன் மட்டும்தான். மலையில ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல 20, 25-ல போறீங்க, இன்ஜின் முழு பலத்தோட உழைக்குது, காத்தே வராது. அதனால முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல. உங்க ரெண்டு மெக்கானிக்ல யாரும் ஃபேன் ஓடுதான்னு பார்த்ததா நீங்க எழுதவே இல்ல, நிஜமாவே பாக்கலேன்னா அது வருத்தப்பட வேண்டிய விஷயம்.

ரெண்டாவது தடயம் நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி, "பக்கத்துல இருக்கற வெள்ளை டப்பா மட்டும் எப்பவும் ஃபுல்லா இருக்கு, ரேடியேட்டர்லதான் குறையுது". இந்த ஒரு வரிக்காகவே உங்க கடிதத்தை மறுபடி ஒரு தடவை படிச்சேன். அந்த வெள்ளை டப்பா ரிசர்வ் டேங்க். இன்ஜின் சூடானா தண்ணி விரியும், ரேடியேட்டர் கேப்புல இருக்கற ஸ்பிரிங் வால்வு திறந்து அதிகப்படியான தண்ணியை டப்பாவுக்கு அனுப்பும். வண்டி ஆறினதும் உள்ள இழுப்பு உண்டாகும், கேப்போட நடுவுல இருக்கற இன்னொரு சின்ன வால்வு திறந்து டப்பாவுலேர்ந்து தண்ணியைத் திரும்ப உள்ள எடுத்துக்கும். உங்க வண்டியில வெளிய போகுது, திரும்ப வரல. அதுக்கு பெரும்பாலும் மூணு காரணம்தான் இருக்கும். கேப் கெட்டுப் போயிருக்கு, இல்ல கேப்புக்கும் டப்பாவுக்கும் நடுவுல இருக்கற மெல்லிசான ரப்பர் டியூப் வெடிச்சு தண்ணிக்குப் பதிலா காத்தை இழுக்குது, இல்ல ஹெட் கேஸ்கெட் வழியா கேஸ் வந்து தண்ணியை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. இதுல முதல் ரெண்டும் சேர்ந்தே 300 ரூபாய்க்குள்ள முடியற விஷயம். மூணாவதுதான் பெரிய செலவு. எதுக்கு எடுத்ததுமே மூணாவதுக்குப் போகணும்?

கேப் என்ன அவ்வளவு முக்கியமான்னு தோணலாம். குக்கர்ல வெயிட் போடாம வெறும் மூடி மட்டும் போட்டா எப்படி ஆவி நிக்காதோ அதே கதைதான். கூலிங் சிஸ்டம் முழுசும் ப்ரெஷர்ல வேலை செய்யறதுக்காக செஞ்சது. பெரும்பாலான சின்ன கார் கேப் மேல 0.9ன்னு அச்சடிச்சிருக்கும், அது எத்தனை பார் ப்ரெஷர் வரைக்கும் பிடிச்சு வைக்கும்ங்கற கணக்கு. அந்த ப்ரெஷர் இருந்தா தண்ணி 118 டிகிரி வாக்கில போய்தான் கொதிக்கும். கேப் பிடிக்கலேன்னா 100-லயே கொதிக்கும். போடிமெட்டு 4,500 அடி உயரத்துக்கிட்ட இருக்கு, அங்க காத்தோட அழுத்தமே கம்மி, திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சிடும். இன்ஜின் சாதாரணமா ஓடற சூடே 85, 90 டிகிரி. அப்போ கெட்டுப்போன கேப்போட மேல ஏறற வண்டிக்கு மிச்சம் இருக்கற இடைவெளி எவ்வளவு கம்மின்னு பாருங்க. மலை ஏற ஏற நிலைமை மோசமாகறதுல இதுக்கும் பங்கு இருக்கலாம்.

சில விஷயத்துல உங்க நினைப்பை மாத்திக்கணும்

தெர்மோஸ்டாட் வால்வு இல்லேன்னா தண்ணி தாராளமா ஓடும், வண்டி கூலா இருக்கும்னு உங்க மெக்கானிக் சொன்னதை நீங்களும் நம்பியிருக்கீங்க. நம்ம ஊர்ல பாதி பேர் நம்பறது இதைத்தான், அதனால உங்க மேல குறை இல்ல. ஆனா அது தப்பு. அந்த வால்வு 82 டிகிரி வாக்கில திறக்கும், அதுவரைக்கும் இன்ஜினை சீக்கிரம் சூடாக விடறதுக்குத்தான் இருக்கு. அதைக் கழட்டிட்டா ப்ளெயின்ல வண்டி ரொம்ப நேரம் சூடேறாம பச்சையாவே ஓடும், எம்பிஎஃப்ஐ கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு பெட்ரோலை அதிகமா விடும், மைலேஜ் குறையும், ஆயிலும் சீக்கிரம் கெடும். மைலேஜ் 16-லேர்ந்து 13-க்கு வந்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, இதுவும் ஒரு காரணமா இருக்கும். இதுல ஒரு நல்ல சேதியும் இருக்கு, வால்வைக் கழட்டினதுக்கு அப்புறமும் அதே இடத்துல அதே மாதிரி சூடு ஏறுதுன்னா பிரச்சினை வால்வுல இல்லவே இல்லன்னு நமக்குத் தெரிஞ்சு போச்சு. கடைசியில புது வால்வு ஒண்ணு போட்டுடணும், 500 ரூபாய் சொச்சம் ஆகும்.

போர் தண்ணி. உங்க பக்கத்து போர் தண்ணியில உப்பு எவ்வளவுன்னு உங்க வீட்டு குடத்து அடியைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு ரேடியேட்டரோட மெல்லிசான டியூப்ல படியுது, உள்ள இருக்கற இரும்பையும் அரிக்குது, செம்மண் கலர் வந்தது அதுனாலதான். ரேடியேட்டர்ல ஊத்தற கூலண்ட்னா கலர் தண்ணி, கம்பெனிக்காரன் ஏமாத்து வேலைன்னு சிலர் சொல்வாங்க. நம்ம ஊர்ல தண்ணி உறையப் போறதில்லதான், ஆனா கூலண்ட்ல இருக்கற துருத் தடுப்பு மருந்துக்காகவும் கொதிநிலை கொஞ்சம் ஏறறதுக்காகவும் நமக்கு அது கட்டாயம் வேணும். உங்க வண்டி முழுசுக்கும் நாலு லிட்டருக்குள்ளதான் பிடிக்கும், பெரிய செலவு இல்ல. வாங்கும்போது அப்படியே ஊத்தறதா, தண்ணி கலக்கறதான்னு கேன் மேல படிங்க, கலக்கறதுன்னா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்கணும். கூலண்ட் விஷம், லேசா இனிக்கும், நாயும் குழந்தையும் நக்கிடும், அதனால வடிச்சதை வாசல்ல விடாதீங்க.

மஞ்சத்தூள் ஓட்டையை அடைக்கும்ங்கறது உண்மைதான், அதோட சேர்த்து நல்லா இருக்கற டியூபையும் அடைக்கும். கடையில விக்கற லீக் ஸ்டாப் பவுடரும் அதே வேலைதான். நடுக்காட்டுல மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர ஒரு தடவை சரி, அதையே வைத்தியமா வச்சுக்கக் கூடாது.

ஹெட் கேஸ்கெட் பத்தி. தண்ணி குறைஞ்சா, சூடு ஏறினா உடனே கேஸ்கெட்னு சொல்றது சுலபம். உங்க ரெண்டாவது மெக்கானிக் ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா நுரை மாதிரி இருந்ததைக் காட்டி சொன்னார்னு எழுதியிருக்கீங்க. அது சந்தேகப்பட வேண்டிய அறிகுறிதான், ஆனா தெர்மோஸ்டாட் இல்லாம பச்சையா ஓடற வண்டியில, குறிப்பா மழை, பனி நாள்ல, ஈரம் படிஞ்சு மூடியில மட்டும் அப்படி வரும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க, குச்சியில இருக்கற ஆயிலே பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா அது சீரியஸ். மூடியில மட்டும்னா அதை வச்சு 18,000 செலவு பண்ண முடியாது.

வீட்டுலயே நீங்க பாக்கக்கூடியது

இது காலையில, வண்டி ராத்திரி முழுக்க நின்னு சுத்தமா ஆறினதுக்கு அப்புறம் மட்டும் பண்ணணும். ரேடியேட்டர் கேப்பைத் திறந்து தண்ணி வாய் வரைக்கும் நிரப்பிட்டு, கேப் போடாமலே வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் தண்ணியைப் பாருங்க, முகத்தை நேரா மேல கொண்டு போகாம தள்ளி நின்னு. ஆரம்பத்துல ரெண்டு மூணு குமிழி வந்து அடங்கினா அது உள்ள மாட்டியிருந்த காத்து. நிக்காம சீரா குமிழி வந்துக்கிட்டே இருந்தா, ஆக்சிலரேட்டர் குடுக்கும்போது தண்ணி பீச்சினா, கேஸ்கெட் மேல சந்தேகம் நியாயம்தான். சைலன்சர்ல வெள்ளைப் புகை வண்டி சூடானதுக்கு அப்புறமும் விடாம வந்தாலும் அப்படித்தான்.

குமிழி இல்லேன்னா கேப்பைப் போட்டுட்டு அப்படியே ஐடிலிங்ல விடுங்க. முள்ளு நடுவைத் தாண்டி கொஞ்சம் ஏறும்போது ஃபேன் ஓடணும், சத்தமே கேக்கும். வால்வு இல்லாததால சூடாக நேரம் எடுக்கும், பொறுமையா இருங்க. முக்கால் வரைக்கும் போயும் ஃபேன் ஓடலேன்னா வண்டியை ஆஃப் பண்ணிடுங்க, பிரச்சினை பாதி கிடைச்சாச்சு. ஃபேன் பக்கத்துல கை, துப்பட்டா, முந்தானை எதையும் கொண்டு போகாதீங்க, சொல்லாம கொள்ளாம ஓட ஆரம்பிக்கும்.

ஃபேன் ஓடலேன்னா மெக்கானிக்கிட்ட போக வேண்டாம், ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க. ஃபேன் கனெக்டரைக் கழட்டிட்டு பேட்டரியிலேர்ந்து நேரடியா சப்ளை குடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. ஓடினா மோட்டார் நல்லா இருக்கு, ஃப்யூஸ், ரிலே, சென்சார், ஒயரிங் இதுல எங்கயோ கோளாறு. ஓடலேன்னா மோட்டார்ல கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கும், பிரஷ் மட்டும் மாத்தறவங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க, புது மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க. சிலர் ஃபேனை சாவி போட்டதுமே ஓடற மாதிரி டைரக்ட் பண்ணிக் குடுக்கறேன்னு சொல்வாங்க. அவசரத்துக்கு ஓகே, ஆனா ரிலே இல்லாம சுவிட்ச்லேர்ந்து நேரா இழுத்தா ஒயர் சூடாகி எரியற அபாயம் இருக்கு, ஒத்துக்காதீங்க.

6,000 ரூபாயை எந்த வரிசையில செலவு பண்றது

விலை எல்லாம் சுமாராத்தான் சொல்றேன், கடைக்குக் கடை மாறும். முதல்ல ஒரிஜினல் ரேடியேட்டர் கேப், பழசு மேல என்ன நம்பரோ அதே நம்பர், 200 ரூபாய் வாக்கில. அதிக நம்பர் போட்டா நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பழைய ஹோஸ் வெடிக்கும். கூடவே அந்த ரிசர்வ் டேங்க் டியூப், தேவைப்பட்டா ரெண்டு கிளிப்.

அடுத்து ப்ரெஷர் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில ஒரு கை பம்பை மாட்டி ப்ரெஷர் ஏத்தி பத்து நிமிஷம் முள்ளு இறங்குதான்னு பாக்கறது, இன்ஜினை ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம். தேனியிலயோ மதுரையிலயோ கொஞ்சம் பெரிய ஒர்க்ஷாப்ல இந்த பம்ப் இருக்கும், போன் பண்ணி இருக்கான்னு கேட்டுட்டு போங்க, 300லேர்ந்து 500க்குள்ள வாங்குவாங்க. அரை லிட்டர் எங்க போகுதுங்கற கேள்விக்கு பெரும்பாலும் இதுலயே பதில் கிடைச்சிடும். ஹோஸ் வாயில கசியுதா, ரேடியேட்டர் ஓரத்துலயா, வாட்டர் பம்புக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டை வழியா சொட்டுதான்னு கண்ணுக்குத் தெரியும். பம்ப்ல சொட்டினா பம்ப் மாத்தியே ஆகணும், 1,000லேர்ந்து 1,500 ஆகலாம், அந்த நேரத்துல டைமிங் பெல்ட் போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னும் பார்த்துடுங்க. வெளிய எங்கயும் கசியல, ஆனா ப்ரெஷர் இறங்குதுன்னா அப்போதான் கேஸ்கெட் பக்கம் பார்வை போகணும். ஃபேன் பெல்ட்னு சொல்றோமே, வாட்டர் பம்பை சுத்த வைக்கற பெல்ட், அதோட டைட்டையும் அப்பவே பார்க்கச் சொல்லுங்க, அது வழுக்கினா பம்ப் சரியா சுத்தாது.

அதுக்கப்புறம் ரேடியேட்டர். செம்மண் தண்ணியும் மஞ்சத்தூளும் போன ரேடியேட்டர்ல பாதி டியூப் அடைஞ்சிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். முன்னாடி பக்கம் கிரில்லுக்குப் பின்னால பூச்சி, மண்ணு அடைச்சிருக்கான்னு பாருங்க, இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா சாதாரண ஹோஸ் பைப் தண்ணியில கழுவினாலே போதும், வாட்டர் சர்வீஸ் பிரஷர்ல அடிச்சா ரேடியேட்டரோட மெல்லிசான தகடு (ஃபின்) எல்லாம் மடங்கிப் போயிடும். உள்பக்கத்துக்கு, பித்தளை ரேடியேட்டரா இருந்தா கழட்டி ராடிங் (டியூப்ல கம்பி விட்டு அடைப்பை எடுக்கறது) பண்ணிக்கலாம், 800லேர்ந்து 1,200க்குள்ள முடியும். மேலயும் கீழயும் பிளாஸ்டிக் டேங்க் வச்ச அலுமினிய ரேடியேட்டர்னா ராடிங் வேலைக்கு ஆகாது, புதுசுதான், 2,500 ரூபாய் சொச்சத்துக்கு வேற கம்பெனி ரேடியேட்டர் கிடைக்கும். ஆசிட், காஸ்டிக் சோடா ஊத்தி க்ளீன் பண்றேன்னு யாராவது வந்தா வேண்டவே வேண்டாம், காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னுடும், உங்க ஹெட்டு அலுமினியம்.

கடைசியா சிஸ்டத்தை நல்ல தண்ணியில கலர் போற வரைக்கும் ஃப்ளஷ் பண்ணிட்டு, புது தெர்மோஸ்டாட், புது கூலண்ட். கூலண்ட் ஊத்தும்போது அவசரப்படுத்தாதீங்க. மெதுவா ஊத்தணும், மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடணும், கேப் திறந்து வச்சு வண்டியை ஓட விட்டு தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கினதும் மறுபடி நிரப்பணும். இதைச் சரியா பண்ணாம விட்டா உள்ள காத்து மாட்டி ஏர்லாக் ஆகி, எல்லாம் புதுசு போட்டும் வண்டி ஹீட் ஆகுதுன்னு நிப்பீங்க. ஃபேன் ரிப்பேரைச் சேர்க்காம கூட்டிப் பார்த்தா, ராடிங்கோட முடிஞ்சா மொத்தம் 4,000 வாக்கில நிக்கும், புது ரேடியேட்டர்னா 5,500 கிட்ட வரும். பம்பும் ரேடியேட்டரும் ரெண்டும் போச்சுன்னா மட்டும் உங்க பட்ஜெட்டைத் தாண்டும், அப்படின்னா பம்பை முதல்ல மாத்திட்டு, ரேடியேட்டர் மாத்தற வரைக்கும் ப்ளெயின்ல மட்டும் ஓட்டுங்க.

நிஜமாவே கேஸ்கெட்தான்னு வந்தா

அப்பவும் 18,000-க்கு உடனே தலையாட்டாதீங்க. மூணு சிலிண்டர் சின்ன இன்ஜின், என் கணக்குல அது அதிகம். கேஸ்கெட், ஹெட்டை லேத்ல கொடுத்து ஃபேஸிங் பண்றது (மட்டமா சீவறது), விரிசல் இருக்கான்னு டெஸ்ட், ஆயில், கூலண்ட், கூலின்னு தனித்தனியா எழுதி வாங்குங்க, வேற ஒரு இடத்துலயும் அதே லிஸ்ட்டைக் காட்டி விலை கேளுங்க. ஃபேஸிங் பண்ணாம வெறும் கேஸ்கெட் மட்டும் மாத்தித் தரேன்னு கம்மியா கேக்கறவர்கிட்டயும் குடுக்காதீங்க, வளைஞ்ச ஹெட்டுல புது கேஸ்கெட் கொஞ்ச நாள்தான் தாங்கும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து முடுக்கற ஸ்பேனர்) வச்சு டைட் பண்றாங்களான்னு கேக்கறதுக்குத் தயங்காதீங்க. கழட்டின பழைய கேஸ்கெட்டை வாங்கிப் பாருங்க, எந்த இடத்துல எரிஞ்சிருக்குன்னு அதுலயே தெரியும்.

விக்கறதா வேண்டாமாங்கறதுக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். 2024-ல எஃப்சி எடுத்து ஆர்சியை அஞ்சு வருஷத்துக்கு நீட்டியாச்சுன்னு எழுதியிருக்கீங்க, 2029 வரைக்கும் பேப்பர் இருக்கு. ஹீட் ஆகற வண்டியை இன்னிக்கு வித்தா இரும்பு விலைக்குத்தான் கேப்பாங்க, சரி பண்ணி ஓடற வண்டியா நின்னா பேரம் பேசற பலம் உங்க பக்கம். ஆனா ஹெட்டுல விரிசல், பிளாக்கும் அடி வாங்கியிருக்குன்னு டெஸ்ட்ல வந்தா அப்போ பாசத்தை ஒதுக்கி வச்சுட்டு வித்துடுங்க. அப்பா வண்டிங்கறது எனக்குப் புரியுது. கடன் வாங்கி ரிப்பேர் பண்ற நிலைமைக்கு மட்டும் போகாதீங்க.

பில்லும் பேப்பரும்

வால்வைக் கழட்டி 2,500 வாங்கினவர்கிட்ட உங்களுக்கு உரிமை எதுவுமே இல்லன்னு நினைக்கறீங்க. அப்படி இல்ல. நீங்க பிழைப்புக்காக சொந்தமா தொழில் பண்றவங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்களையும் நுகர்வோராத்தான் எடுத்துக்குவாங்க. பில் இல்லேன்னாலும் போன்ல பணம் அனுப்பின விவரம் ஒரு ஆதாரம். ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்கலாம், 5 லட்சத்துக்குள்ள இருக்கற விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி வழி கேக்கலாம். ஆனா 2,500-க்காக ஆணையம் வரைக்கும் அலையறது உங்க வியாபார நாளைத் தின்னும். முதல்ல நேர்ல போய், வேலையில பலன் இல்ல, கழட்டின வால்வு எங்கன்னு மரியாதையா கேளுங்க, பாதியாவது திரும்பி வரலாம். இனிமே எந்த ஒர்க்ஷாப்பா இருந்தாலும் வேலைக்கு முன்னாடி எஸ்டிமேட், வேலைக்கு அப்புறம் பில், கழட்டின பார்ட்ஸ் மூணையும் கேட்டு வாங்குங்க.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா சொல்லாம விட மனசு வரல. ஆர்சி இன்னும் அப்பா பேர்லயே இருக்குன்னு கடிதத்துலேர்ந்து தெரியுது. ஓனர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், மூணு மாசத்துக்குள்ள படிவம் 31 குடுத்து வாரிசு பேருக்கு மாத்தணும். உங்களுக்குத் தாமதமாயிடுச்சு, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கிட்டுப் போய் இப்பவே ஆரம்பிங்க. இன்ஷூரன்ஸும் உங்க பேருக்கு வரணும். சாதாரண பிரைவேட் கார் பாலிசியில வியாபாரச் சரக்கு ஏத்தறதுக்கு கவர் கிடையாதுன்னு எழுதியிருக்கும், அதையும் ஏஜென்ட்கிட்ட வெளிப்படையா பேசிடுங்க. மலைப்பாதையில ஏதாவது நடந்துட்டு அப்புறம் கிளெய்ம் நிக்கலேன்னா ரேடியேட்டர் செலவெல்லாம் ஒண்ணுமே இல்ல.

வேலை முடிஞ்சதும் முதல் ஓட்டம்

எடுத்ததும் சரக்கோட பூப்பாறைக்குப் போகாதீங்க. காலி வண்டியில, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, கூட ஒரு ஆளோட முந்தல் வரைக்கும் போய் நின்னு முள்ளைப் பாருங்க, சரியா இருந்தா ரெண்டு மூணு வளைவு ஏறிட்டு இறங்கிடுங்க. தேர்ட் கியர்ல ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி ஏத்தறது இன்ஜினுக்கு நல்லதுன்னு எழுதியிருக்கீங்க, அது நேர் எதிர். இன்ஜின் திணறுதுன்னு தெரிஞ்சா உடனே செகண்டுக்கு இறக்குங்க, இன்ஜின் லேசா சுத்தும், வாட்டர் பம்பும் வேகமா சுத்தி தண்ணியைத் தள்ளும்.

முள்ளு முக்கால் தாண்டினா ஓரமா நிறுத்தி ஃபேன் ஓடுதான்னு கேட்டுக்கிட்டே ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க. அப்பவும் இறங்கலேன்னா, இல்ல ஆவி வந்துட்டா, உடனே ஆஃப். எச்சுக்குப் போன முள்ளு திடீர்னு கீழ விழுந்தா சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு ஓட்டிடாதீங்க, தண்ணியே இல்லாம போனா சென்சார் சூட்டைச் சரியா காட்டாது, அது இருக்கறதுலயே ஆபத்தான நிலைமை. ஆஃப் பண்ணி குறைஞ்சது முக்கால் மணி நேரம் கேப்பைத் தொடாதீங்க. அப்புறமும் தடிமனான ஈரத்துணி போட்டு, கால் சுத்து மட்டும் திருப்பி, ஆவி முழுசா போனதுக்கு அப்புறம்தான் எடுக்கணும். சூடா இருக்கற இன்ஜின் மேல பச்சத்தண்ணி ஊத்தறது வேண்டவே வேண்டாம், ஹெட்டு விரிசல் விடறது பல தடவை அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினதும் ரிசர்வ் டேங்க்ல மட்டம் எங்க இருக்குன்னு ஒரு மார்க்கர்ல கோடு போட்டுடுங்க. மறுநாள் காலையில பாருங்க, அந்தக் கோட்டுலேர்ந்து மட்டம் கீழ இறங்கியிருந்து, கேப்பைத் திறந்தா ரேடியேட்டர் வாய் வரைக்கும் நிரம்பியிருந்தா, சிஸ்டம் தண்ணியைத் திரும்ப இழுத்துக்க ஆரம்பிச்சாச்சு. மூணு நாள் ப்ளெயின்ல ஓட்டியும் காலையில அதே மாதிரி இருந்தா சரக்கு ஏத்தலாம்.